மாசியில் விதைத்த தூண் கள்ளி

மட்டக்களப்பில் தூண் கள்ளியை விதை போட்டு வளர்க்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது மாதத்தைத்தான். மண் கலவை, பெட்டி, மருந்து எல்லாம் பிறகு. மாசி பிறக்கும்போது விதையைப் போடுங்கள். இங்கே ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிற மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மாசியில் விதைத்தால் அடுத்த மாரி பிடிக்கும்வரை எட்டு மாத வெளிச்சம் கையில் இருக்கும். அதற்குள் கடுகளவு விதை, ஈரத்தையும் மூடிய வானத்தையும் தாங்குகிற செடியாகிவிட வேண்டும். ஆவணி, புரட்டாதியில் விதைத்தாலும் முளைக்கும், நன்றாகவே முளைக்கும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் நாட்கணக்காக வெயில் முகம் காட்டாதபோது, சில மாதமே ஆன அந்தப் பிஞ்சுகளைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

கள்ளிதானே, வெயிலில் வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ந்த மரத்துக்கு அது ஓரளவு சரி. குஞ்சுக்குச் சரிவராது. அமெரிக்காவின் அரிசோனாவில் வளரும் சகுவாரோ என்ற தூண் கள்ளியைப் பாருங்கள். 12 மீற்றருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும், 150 வருடம் தாண்டியும் வாழும் மரம் அது. பாலைவனத்தின் அடையாளமே அதுதான். அந்த மரத்தின் பழம் கோடை மழைக்குச் சற்று முன்னால் பழுக்கிறது; மழை ஈரத்தில் விதை முளைக்கிறது. திறந்த வெளியில் விழுந்து முளைத்தவை கருகிப் போகும், இல்லாவிட்டால் எலியும் பறவையும் தின்றுவிடும். பலோ வேர்டே, மெஸ்கீற் போன்ற முள்மரங்களின் அடி நிழலில் முளைத்தவைதான் பெரும்பாலும் பிழைக்கின்றன. அந்த நிழலிலும் எட்டு வருடத்தில் அதன் உயரம் 2.5 முதல் 4 சென்ரிமீற்றர்தான். வளர்ந்த பிறகு பாலைவனத்தையே தாங்கும் செடி, பிறந்த புதிதில் ஈரத்தையும் நிழலையும் தேடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற வேலைகள் எல்லாம் தானாக விளங்கும்.

எந்த இனத்தை எடுப்பது என்பதிலும் ஊரின் காலநிலையைப் பார்க்க வேண்டும். படங்களில் வெள்ளை முடி போர்த்திக்கொண்டு நிற்கிற அந்தீஸ் மலைக் கள்ளிகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். கள்ளிகள் பகலில் இலைத்துளைகளை மூடி வைத்து, இரவில் திறந்துதான் காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுக்கின்றன. ஆனி, ஆடியில் நடுச்சாமத்திலும் புழுங்குகிற எங்கள் கரையோரத்தில் மலைக்கள்ளி சோர்ந்து போகும். அதனால் நான் எடுப்பது வெப்பமான தாழ்நிலத்து இனங்களை. வடகிழக்குப் பிரேசிலில் காட்டிங்கா என்றொரு முட்காட்டுப் பிரதேசம் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே நாங்கள் இருக்கிற அளவு தூரத்தில்தான் ரேகைக்குத் தெற்கே அதன் ஒரு பகுதி கிடக்கிறது. அங்கே வளரும் செரியஸ் ஜமகாரு, நீல நிறத்துக்காகத் தேடப்படும் பைலோசோசெரியஸ் இரண்டும் எங்கள் வெக்கைக்கு ஏற்றவை. செரியஸ் ஜமகாருவை அங்கே மண்டகாரு என்பார்கள். வரட்சிக் காலத்தில் முள்ளைச் சுட்டுப் பொசுக்கிவிட்டு மாட்டுக்குத் தீனியாகப் போடுவார்கள். இவற்றோடு, வீட்டு முற்றங்களில் அழகுக்கு நிற்கிற பெருவியன் செரியஸையும் சேர்த்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுதான் நல்ல இனம், வேகமாக வளரும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பற்றைக் காடுகளில் நிமிர்ந்து நிற்கிற சதுரக்கள்ளி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. கீறினால் பால் வடியும். கண்ணில் பட்டால் ஆபத்து. கக்டஸ் குடும்பத்துக் கள்ளியில் முள்ளெல்லாம் சிறிய பஞ்சுப் பொட்டு ஒன்றிலிருந்துதான் முளைக்கும். சதுரக்கள்ளியில் அந்தப் பஞ்சு இருக்காது. கக்டஸ் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. ரிப்சாலிஸ் பாக்சிஃபேரா என்ற ஒன்றுதான் விதிவிலக்கு. மரங்களில் தொற்றித் தொங்கும் முள்ளில்லாத அந்தக் கள்ளி ஆபிரிக்காவிலும் எங்கள் இலங்கையிலும் இயற்கையாகவே இருக்கிறது.

விதைக்கு வருவோம். ஊரில் செரியஸ் மரம் பல வீடுகளில் பூக்கிறது, காய்ப்பதில்லை. அநேகமான செரியஸ் மரங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஊரிலுள்ள மரங்களோ பெரும்பாலும் ஒருவர் வீட்டுத் துண்டை இன்னொருவர் வாங்கி நட்டு வந்தவை. துண்டு எத்தனை கை மாறினாலும் செடி ஒன்றுதான். ஆகவே பக்கத்துப் பக்கத்தில் பத்து மரம் பூத்தாலும் காய் பிடிக்காது. வேறு வழியில் வந்த மரத்தின் மகரந்தம் வேண்டும். களுவாஞ்சிக்குடியில் நண்பர் வீட்டு மரம் விதையிலிருந்து வந்தது. அதன் பூவிலிருந்து மகரந்தத்தைக் கடதாசியில் தட்டி எடுத்து, நன்றாக உலரவிட்டு, சின்ன டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். சில நாட்களுக்கு அது கெடாது. எங்கள் மரம் பூத்த இரவில் ஒன்பது மணிக்கு மேல் தூரிகையால் சூல்முடியில் தடவினேன். விடிந்தால் பூ வாடிவிடும், இரவிலேயே முடிக்க வேண்டும். பிடித்திருந்தால் வாடிய பூ உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்க, அடிப்பகுதி பருக்கத் தொடங்கும். காய் சிவந்து, ஒருநாள் தானாக வெடித்து, வெள்ளைச் சதையையும் கறுப்பு விதைகளையும் காட்டும். கொண்டைக் குருவியும் அணிலும் அதற்குக் காத்துக்கொண்டிருக்கும். சிவக்கும்போதே வலைப்பை கட்டிவிடுங்கள். சதை இனிப்பு, தின்னலாம்.

ஒரு பழத்தில் விதை நூற்றுக்கணக்கில் இருக்கும். சதையோடு விதைத்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. தேநீர் வடியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, விதையின் மேல் வழுவழுப்பு இல்லாமல் போனதும் கடதாசியில் பரப்பி நிழலில் காயவிட வேண்டும். காய்ந்ததை உறையில் போட்டு இனத்தின் பெயரும் திகதியும் எழுதி வைத்தால் அடுத்த மாசி வரைக்கும் தாங்கும். பழம் கிடைக்காதவர்கள் சந்தையில் விற்கிற ட்ராகன் பழத்தில் கைப்பழக்கம் எடுக்கலாம். அதுவும் கள்ளிக் குடும்பம்தான், விதை ஒரு கிழமைக்குள் முளைத்துவிடும், முறையும் இதேதான். வெளிநாட்டிலிருந்து விதை எடுப்பிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றுத்தான் கொண்டுவர வேண்டும்.

இனி மண். சலித்த தும்புத்தூள் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத்துண்டு ஒரு பங்கு. செங்கல்லை உடைத்து, மாவாகப் போனதைச் சலித்து ஒதுக்கிவிட்டு, 1 முதல் 3 மில்லிமீற்றர் வரையான குறுணியை மட்டும் எடுக்கிறேன். மாவு கிடந்தால் ஈரத்தில் சேறாகி வேருக்குக் காற்றை அடைக்கும். தும்புத்தூளில் உப்பு இருக்கும், தேங்காய் மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டு எடுத்த தூள் என்றால் இன்னும் கூட இருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, வடிகிற தண்ணீரின் தேநீர் நிறம் வெளுக்கும்வரை மாற்றி மாற்றிக் கழுவுவேன். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்பை எப்படியாவது கழுவிவிட்டாலும் அதில் கலந்திருக்கிற சிப்பித்தூள் போகாது. அந்தச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். கள்ளி வேருக்குச் சற்றுப் புளிப்பான மண்தான் பிடிக்கும். மணல் ஆற்றிலிருந்து வந்ததா, கரையிலிருந்து வந்ததா என்று சந்தேகம் இருந்தால் ஒரு தேக்கரண்டி மணலில் வினாகிரி சில துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சிப்பி இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு லோட் இறக்கியபோது, அதைப் பார்த்துவிட்டுத்தான் கள்ளிக்கு எடுப்பதா என்று முடிவு செய்தேன்.

கலவையை ஆவியில் அவிக்க வேண்டும். பிட்டு அவிக்கிற மாதிரித்தான்: பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர், மேலே துளைத்தட்டு, அதன்மேல் துணியில் கட்டிய ஈரமண். ஆவி கிளம்பியதிலிருந்து அரை மணி நேரம். இறக்கி, மூடியைத் திறக்காமலே ஆறவிட வேண்டும். வெறுமையாகத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள பூஞ்சை வித்துக்கள் போட்டியில்லாத மண்ணில் வந்து குடியேறிவிடும். எங்கள் மாமி இந்த மண் அவியலைப் பார்த்துவிட்டு, "முள்ளு மரத்துக்கு இவ்வளவு பண்டிதமா மனே" என்று கேட்டார். பிறகு அவரே பெட்டிக்குக் கறுவாத்தூள் எடுத்துக் கொடுத்தார். அது எதற்கென்று கீழே வரும்.

விதைக்கிற பாத்திரம், கடைச் சாப்பாடு வருகிற தெளிவான பிளாஸ்ரிக் பெட்டி. ஒரே அளவில் இரண்டு எடுத்து, ஒன்றின் அடியில் சூடாக்கிய ஊசியால் துளைகள் போட்டு, துளையில்லாத மற்றதற்குள் இறக்கி வைக்கிறேன். பிறகு தண்ணீர் தேவைப்படும்போது வெளிப்பெட்டிக்குள் ஊற்றினால் மண் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மேலிருந்து ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிப்போய்க் குவியும். மண் நாலைந்து சென்ரிமீற்றர் ஆழம் போதும். மேலே மட்டும் சலித்த நுண்மணல் மெல்லிய படை.

தண்ணீர் என்றால் மழைத்தண்ணீர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் கோடை முற்ற முற்ற உவர்க்கத் தொடங்கும். பூச்சட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய மரம் அதைச் சமாளிக்கும், முளை சமாளிக்காது. மார்கழி, தையில் கூரைத் தண்ணீரைப் போத்தல்களில் பிடித்து, வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் கள்ளிக்குஞ்சுகளுக்குக் கோடை முழுவதும் போதும். அவை குடிப்பது அவ்வளவு கொஞ்சம்.

விதைப்பதற்கு முதல் நாள் இரவு விதையைக் கப்டான் பூஞ்சைக்கொல்லி சிறிதளவு கரைத்த தண்ணீரில் ஊறவைக்கிறேன். கப்டான் தொடும்போது கையுறை போடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காலையில், தென்னை ஈர்க்கின் நுனியை நனைத்து விதையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் வைத்தால் விட்டுவிடும். ஒன்றுக்கொன்று ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு இப்படி வரிசையாக வைத்துப் போகலாம். மண்ணால் மூடக்கூடாது. கள்ளி விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். புதைத்தால் பல விதை உறங்கியே கிடக்கும். மூடியைப் பூட்டி, கிழக்குப் பார்த்த விறாந்தையில், வெளிச்சம் நிறைய வரும், நேர் வெயில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும். மூடிய பெட்டி வெயிலில் கொஞ்ச நேரம் இருந்தாலும் உள்ளே அவிந்துவிடும். இன்னொரு காவலும் வேண்டும், எறும்புக்கு. மூடி சரியாகப் பூட்டாத பெட்டியிலிருந்து எறும்பு விதையை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். பெட்டிகள் இருக்கிற பலகையின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்திவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

செரியஸ் நாலைந்து நாளிலேயே வெடிக்கத் தொடங்கி இரண்டு கிழமைக்குள் அநேகமாக முடிந்துவிடும். பைலோசோசெரியஸ் ஒரு கிழமை பிந்தும். இந்த நாட்களில் பூதக்கண்ணாடி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருங்கள். கறுப்பு விதையின் ஒரு ஓரம் பிளந்து, வெள்ளை முனை ஒன்று எட்டிப் பார்க்கும். அது மண்ணைத் தொடுகிற இடத்தில், கழுத்தைச் சுற்றி நுண்ணிய வெள்ளை ரோமங்கள் ஒரு வளையமாக விரியும். பார்த்தவுடன் பூஞ்சை என்று பதறி மருந்தைத் தெளித்துவிடுகிறார்கள். அது வேர்த்தூவி, செடி முதல் முறையாகத் தண்ணீர் உறிஞ்சத் தொடங்குகிறது. பூஞ்சை என்றால் அது விதைக்கும் விதைக்கும் நடுவே, மண்ணின் மேல், சிலந்தி வலை பின்னினமாதிரிப் படர்ந்து போகும். வேர்த்தூவி இருந்த இடத்தைவிட்டு நகராது. அடுத்த நாளோ மறுநாளோ உடல் பச்சையாகப் பருத்து நிமிரும். தலையில் விதையோட்டைத் தொப்பியாகப் போட்டபடி நிற்கும். தொப்பி கழன்றால் உச்சியில் இரண்டு சின்னக் கொம்புகள் தெரியும், அவைதான் வித்திலைகள். அந்த இரண்டுக்கும் நடுப்பிளவில் முதல் பஞ்சுப் பொட்டும், ஒளி ஊடுருவுகிற வெள்ளை முட்களும் வரும். அந்த முள் விரலில் குத்தாது.

சில முளைகளுக்கு வேர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே நீண்டு, செடி சரிந்து கிடக்கும். ஈர்க்கால் பக்கத்தில் ஒரு துளை போட்டு, வேரை அதற்குள் தள்ளி, இரண்டு சிட்டிகை மணலை அணைத்துவிட்டால் போதும், நிமிர்ந்துகொள்ளும். தொப்பி கழராத முளையை இழுக்கக் கூடாது. ஒரு துளி தண்ணீர் விட்டு ஊறவிட்டால் அதுவாக விழும்.

முதல் ஆறு கிழமைக்குப் பெரிய எதிரி அழுகல். காலையில் நன்றாக நின்ற முளை, மாலையில் மண்ணோடு ஒட்டிய இடத்தில் கண்ணாடி மாதிரித் தெளிந்து, பழுப்பாகி, அப்படியே மடிந்து கிடக்கும். ஒன்று விழுந்தால் அதைச் சுற்றி வட்டமாக அடுத்தவை விழும். மண்ணிலும் நீரிலும் வாழும் பூஞ்சை வகைகள்தான் காரணம். விழுந்ததை மட்டும் பிடுங்கிப் பயனில்லை. சுற்றியுள்ள மண்ணோடும், நன்றாகத் தெரிகிற அயல் முளைகள் சிலவற்றோடும் சேர்த்துத் தேக்கரண்டியால் தோண்டி எறிய வேண்டும். அந்தக் குழியிலும் ஓரத்திலும் கறுவாத்தூளைத் தூவி, மூடியை அரை நாளுக்குத் திறந்து வைக்க வேண்டும். அடுத்த பெட்டியைத் தொடுமுன் கையையும் கரண்டியையும் கழுவுங்கள். கறுவாவுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு. முன்கூட்டியே மண்ணின்மேல் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம், அவித்த மண், கழுவிய விதை, அளவான ஈரம் மூன்றும் இருந்தால் மருந்துக்கு அதிகம் வேலை இல்லை. அளவான ஈரம் என்றால் மூடியின் உட்புறம் மெல்லிய பனிபோலப் படிந்திருக்க வேண்டும். துளி துளியாகச் சேர்ந்து சொட்டினால் கூடிவிட்டது.

வெளிச்சம் சரியா என்பதைச் செடியே சொல்லும். மெலிந்து, வெளிறி, வெளிச்சப் பக்கம் கழுத்தை நீட்டினால் போதவில்லை. செம்பு நிறமோ ஊதாவோ ஏறினால் கூடிவிட்டது. பெட்டியை நாளுக்கொருமுறை திருப்பி வைத்தால் நேராக வளரும்.

சித்திரை நடுவில் மூடியைத் திறக்கப் பழக்குகிறேன். இங்கேதான் எங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. வைகாசி பிந்திக் கச்சான் காற்று வீசத் தொடங்கும். மேற்கே மலையைத் தாண்டி ஈரமெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு வருகிற காற்று அது. வெக்கை, வரட்சி, புழுதி மூன்றையும் கொண்டுவரும். சாறனைக் கொடியில் போட்டால் விரித்து முடிக்குமுன் காய்ந்துவிடும். மூடிய பெட்டியின் ஈரத்தில் மூன்று மாதம் இருந்த குஞ்சைக் கச்சானில் திறந்து வைத்தால் ஒரே நாளில் சுருங்கிவிடும். ஆகவே கச்சானுக்கு முன்பே, முதலில் மூடியை ஒரு ஈர்க்கு மொத்தம் தூக்கி வைத்து, கிழமைக்குக் கிழமை இடைவெளியைக் கூட்டி, காற்றுத் தொடங்குமுன் முழுமையாகத் திறந்துவிட வேண்டும். திறந்த பிறகு மேல்மண் காய்ந்து வெளுத்ததும் வெளிப்பெட்டியில் தண்ணீர் வையுங்கள். வேர் இன்னும் ஒரு விரல்கடை ஆழம்தான், பல நாள் காயப்போட வேண்டாம்.

வெயிலும் அப்படித்தான் படிப்படியாக. முதலில் 50 வீத நிழல்வலைக்குக் கீழே காலை வெயில் மட்டும். ஆடி, ஆவணியில் செடி பட்டாணிக் கடலை அளவு வந்த பிறகு இன்னும் கொஞ்சம். வெயிலில் சுட்ட இடம் வெளிறிய பழுப்புத் தழும்பாகி, மரம் இருக்கும்வரை மாறாது. வெளியில் எரிகிற வெக்கையை விடச் சின்னச் சட்டியின் மண்ணுக்குள் ஏறும் சூடுதான் மோசம். அதனால் சட்டிகளைத் தனித்தனியாக வைக்காமல் ஒரு தட்டில் நெருக்கி, இடைவெளியை மணலால் நிரப்பிவிடுவேன்.

உரம், அல்பேட் கரைசல் தூள்தான். மண்ணில்லாப் பயிருக்கென்று விற்கிற அதை, பொதியில் சொல்லியிருக்கிற அளவில் கால்பங்குக்குக் கரைத்து மாதம் இரண்டு முறை. யூரியா கொடுத்தால் உடல் ஊதிப் பருக்கும், தோல் மெலியும், மாரியில் முதலில் அழுகுவதும் அதுதான். கச்சான் காலத்தில் சிவப்புச் சிலந்திப் பூச்சி வரும். உச்சியில் மண்ணிறப் பொடி பூசினதுபோல் தெரிந்தால், பூதக்கண்ணாடியில் அது ஊர்கிறதா என்று பாருங்கள். மாலையில் தண்ணீரை நுண்ணிய தூவலாக அடித்தால் குறையும். பஞ்சு ஒட்டினமாதிரி இருந்தால் மாவுப்பூச்சி, மதுசாரத்தில் நனைத்த காதுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கலாம்.

ஆவணி வந்தால் பெட்டியில் நெருக்கம் தாங்காது, பிரித்து நடும் வேலை. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. சட்டிக்கு மட்டக்களப்பில் எங்கும் அலைய வேண்டாம், எருமைத் தயிர் வாங்கிச் சாப்பிடுகிற எல்லா வீட்டிலும் தயிர்ச்சட்டி கிடக்கும். அகலமான வாய், குறைந்த ஆழம், சுட்ட களிமண். கள்ளிக்குஞ்சுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டியைக் கடையில் வாங்க முடியாது. களிமண் பக்கவாட்டிலும் ஈரத்தை விடுவதால் வேர் நனைந்தே கிடக்காது. கொதிதண்ணீரில் ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கொழுப்பைப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் எறும்பும் பூஞ்சையும் வரும். பிறகு துளை போடுவது. ஓர் இரவு தண்ணீரில் மூழ்கவைத்த சட்டியை, மணல் நிரப்பிய சாக்கின்மேல் கவிழ்த்து வையுங்கள். சுவர் துளைக்கும் 8 மில்லிமீற்றர் பிட்டை ட்றில்லில் மாட்டி, இடிக்கிற முறையை நிறுத்திவிட்டு, மெதுவான வேகத்தில், கையால் அழுத்தாமல் ட்றில்லின் பாரத்தை மட்டும் கொடுங்கள். நடுநடுவே ஒரு துளி தண்ணீர். முதலில் சிவப்புச் சேறாக வரும், சத்தம் மாறி மெல்லியதானால் மறுபக்கம் நெருங்கிவிட்டது, அங்கே இன்னும் மெதுவாக. அவசரப்பட்டு அழுத்தினால் கடைசி மில்லிமீற்றரில் அடி துண்டாகப் பெயரும். மூன்று துளை, ஒவ்வொன்றின் மேலும் ஓட்டுத்துண்டு.

பெட்டி மண்ணை ஒருநாள் காயவிட்டு, மொத்தமாகக் கவிழ்த்து, வேரைப் பிய்க்காமல் உதிர்த்துப் பிரிக்க வேண்டும். பிரித்தவற்றை இரண்டு மூன்று நாள் நிழலில் கடதாசியில் கிடத்தினால் அறுந்த வேர்நுனிகள் ஆறிவிடும். இப்போது கலவையில் செங்கல் பங்கைக் கூட்டி, தும்புத்தூளைக் குறைக்கிறேன், மாரி வரப்போகிறதே. ஒரு சட்டியில் ஏழெட்டு, இரண்டு விரல் இடைவெளியில். தனித்தனிச் சட்டியில் வைப்பதைவிடக் கூட்டமாக வைத்தால் நன்றாக வளர்கின்றன. பெரிய சட்டியின் ஈரம் சட்டென்று ஏறி இறங்காதது காரணமாக இருக்க வேண்டும். நட்டு ஒரு கிழமைக்குத் தண்ணீர் இல்லை.

புரட்டாதி முடிவில் சட்டிகளைத் தெளிவான கூரைத்தகட்டுக்குக் கீழே கொண்டுபோய்விடுவேன். மழை மேலே விழக்கூடாது, வெளிச்சம் குறையக்கூடாது, காற்றோட்டம் இருக்க வேண்டும். நாலு பக்கமும் திறந்து, கூரை மட்டும் தெளிவாக இருந்தால் மூன்றும் கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் காற்றின் ஈரமே செடிக்குப் போதும், தண்ணீர் மிக அருமையாகத்தான். தொடர்ந்து வெயில் வருகிற இரண்டு மூன்று நாள் கிடைத்தால் முதல் நாள் காலையில் கொஞ்சம் கொடுக்கலாம். தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மாரியில் ஆபிரிக்க நத்தை இரவில் ஏறி வந்து, ஒரு வருடச் செடியையும் அடிவரை அரித்துவிடும். டோர்ச்சோடு போய் இரவில் பொறுக்குவதுதான் நிச்சயமான வழி, வெறுங்கையால் தொடாதீர்கள்.

மாரி தாண்டி நிற்கிற செடிதான் கணக்கில் வரும் செடி. அடுத்த மாசியில் செரியஸ் ஒரு விரல் நீளம் இருக்கும், முட்கள் பழுப்பாகி இறுகியிருக்கும், இப்போது குத்தும். பைலோசோசெரியஸ் அதில் பாதி. முதலில் வெறும் பச்சையாக இருந்ததில் நீலப்பூச்சு ஏறத் தொடங்கும். அது மெழுகுப் படலம், விரல் பட்டால் அழிந்து ரேகை தெரியும், ஆகவே சட்டியைப் பிடித்துத் தூக்குங்கள். இந்த இரண்டாவது வருடத்தில் தண்ணீரையும் வெயிலையும் தாராளமாகக் கொடுக்கலாம். செரியஸின் வளர்ச்சி இனித்தான் ஓட்டமெடுக்கும்.

முழங்கால் உயரம் வந்ததும் நிலத்தில் நடலாம். எங்கள் மணல் நிலத்தில் வடிகால் நன்றாக இருக்கிறதே என்று சமதரையில் நட்டுவிட வேண்டாம். மாரி வெள்ளத்தில் வாவி நிரம்பி, முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குத் தண்ணீரை விடும்வரைக்கும் நிலத்தடி நீர் மேலே ஏறியே நிற்கும். கிணற்றை எட்டிப் பார்த்தாலே தெரியும். முழ உயரத்துக்கு மேடு கட்டி, செங்கல் உடைத்துப் போட்டு, அதன் உச்சியில் நட வேண்டும். சட்டியில் வெயில் பட்ட பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டு வைத்து, நடும்போது அதே பக்கத்தை வெயிலுக்குத் திருப்புங்கள். நிழலில் இருந்த தோல் திடீரென்று மேற்கு வெயிலைப் பார்த்தால் சுட்டுவிடும்.

ஒரே பழத்து விதையானாலும் ஒவ்வொரு செடியும் வேறு வேறு. சிலதில் முள் நீளம், சிலதில் விலா ஐந்து, சிலதில் ஆறு. அதனால் முற்றத்தில் ஒன்றை மட்டும் நடாமல், வெவ்வேறு பழத்திலிருந்து வந்த இரண்டு மூன்றைச் சேர்த்து நடுகிறேன். கேட்டு வருகிறவர்களுக்கும் அப்படியே சோடியாகக் கொடுக்கிறேன். இவை பூக்கிற காலத்தில் மகரந்தத்துக்குக் களுவாஞ்சிக்குடி போக வேண்டியிருக்காது.